பன்னிரண்டு வோல்ட் பெட்டி

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் குடியிருந்த கதிர்காமநாதன், இனிமேல் தன் வீட்டுக் கதவை எவரும் கையால் தட்டக் கூடாது என்று ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு தீர்மானம் எடுத்தார். யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உலகம் முன்னேறிக்கொண்டிருக்கிறது. தன் வீட்டுக் கதவை மட்டும் ஆட்கள் மாட்டுக்கு மொத்துவது போல மொத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை.

மொத்துகிறவர்கள் வேறு யாருமில்லை. அவருடைய கந்தோரிலேயே வேலை பார்க்கும் மூன்று கிளாக்கர்மார்தான். கிழமை நாட்களில் ஐந்து மணிக்கு வந்து, முன்னறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் முந்நூற்றுநாலு என்ற சீட்டு விளையாடுவார்கள். நாலாவது கை கதிர்காமநாதனுடையது. ஐந்தாவது கை அவருடைய மனைவி பத்மாவதியுடையது. அது தேத்தண்ணி கொண்டுவரும்.

கதவுக்கு மின்சார மணி வைப்பது என்று முடிவானது. மணிக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். வீட்டுக்கு வருவதோ இருநூற்று முப்பது. அந்தப் பெரிய கரண்டைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். அந்த நாட்களில் பட்டாளத்தார் விட்டுப்போன பழைய சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதிர்காமநாதன் ஒரு சனிக்கிழமை காலையில் போய், மத்தியானம் ஒரு மாட்டு வண்டியில் பெட்டியோடு வந்து இறங்கினார். பச்சை நிறம். இரண்டு பேர் பிடித்துத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. பர்மாக் காட்டுக்குள்ளே கம்பியில்லாத் தந்திக்குக் கரண்ட் கொடுத்த பெட்டி என்று ஏலக்காரன் சொல்லியிருந்தான். கதிர்காமநாதன் ஏலக்காரன் சொன்னதை நம்பினார். பத்மாவதி பெட்டியின் அடியில் இருந்த துருவை நம்பினாள்.

"இவ்வளவு பெரிய பெட்டி எவ்வளவு தரும்?" என்று அவள் கேட்டாள்.

"பன்னிரண்டு வோல்ட்."

"வாங்கிறது?"

"இருநூற்று முப்பது."

"மிச்சம் எங்கை போகுது?"

அது விளங்கப்படுத்தினால் உனக்கு விளங்காது என்று கதிர்காமநாதன் சொன்னார். உண்மையில் அவருக்கும் அது இன்னும் விளங்கியிருக்கவில்லை.

முன்னறையின் கடல்பக்க ஜன்னலுக்குக் கீழே ஒரு தட்டு அடித்துப் பெட்டியை அதில் ஏற்றினார்கள். வாசலில் ஒரு பித்தான், உள்ளே சுவரில் ஒரு மணி. பித்தானுக்கு மேலே ஒரு பலகை: 'கதவைத் தட்டற்க. மணியை அழுத்துக.' அந்தத் 'தட்டற்க' என்ற சொல்லுக்காகவே அவர் இரண்டு நாள் யோசித்திருந்தார். கீழே அதையே இங்கிலீசிலும் சிங்களத்திலும் எழுதுவித்தார். மீன்காரிக்கு மூன்று பாசையும் வாசிக்கத் தெரியாது. அவளும் பித்தானை அழுத்தினாள். மணி கணீரென்று அடித்தது. அன்றைக்கு வாங்கிய சூரை மீனைக்கூடக் கதிர்காமநாதன் கூடுதல் ருசியாக இருக்கிறது என்றார்.

பதினொரு நாள் மணி அடித்தது. பன்னிரண்டாம் நாள் தென்மேற்குக் காற்று பலத்தது, மழைத் தூவானம் உள்ளே அடித்தது, ஜன்னலைச் சாத்தினார்கள். அன்று பின்னேரம் மூன்று கிளாக்கர்மாரும் வந்து பித்தானை அழுத்தினார்கள். உள்ளே கதிர்காமநாதன் சீட்டுக்கட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு இருந்தார். மணி அடிக்கவில்லை. அவர்கள் கால் மணித்தியாலம் நின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கந்தோரில் பெரிய சச்சரவு. வீட்டில் இருந்துகொண்டே கதவு திறக்காத மனிசன் என்று அவர்கள் சொன்னார்கள். மணி அடிக்கவில்லை என்று இவர் சொன்னார். அப்படியானால் இனிக் கதவைத் தட்டலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றார். எழுதிப் போட்ட ஒன்றை இரண்டாம் கிழமையே மாற்றினால் நாளைக்கு மீன்காரிகூட மதிக்க மாட்டாள்.

இந்த இடத்தில் பத்மாவதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலியாணத்துக்கு முந்தி அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவள். கலியாணத்தோடு அது நின்றுபோயிற்று. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. பின்வளவுக்கு அடுத்த வீட்டு ஸவாஹிருடைய பெண்சாதி றலியா ஒரு நாள் ஒரு தந்தியை எடுத்துக்கொண்டு வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பயந்து நடுங்கிக் கேட்டாள். நாத்தனார் ஸமீமாவுக்குப் பிள்ளை பிறந்த நல்ல சேதிதான். அதை வாசித்துச் சொல்கிற வரைக்கும் றலியா பட்ட பாட்டைப் பார்த்த பத்மாவதி, நாளையிலிருந்து நாலரைக்கு வா என்று சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் ஸமீமாவும் வரத் தொடங்கினாள். பிறகு கிருலப்பனையிலிருந்து ஒரு அம்மாள், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பின்படலையால் வந்தார். மூன்று பேரும் குசினித் தரையில் பாய் போட்டு, மிளகாய்த்தூள் நெடியில் தும்மிக்கொண்டு, எழுத்துக் கூட்டினார்கள்.

பின்னேரத்தில் முன்னறை மேசை தனக்கு வேண்டும் என்று பத்மாவதி கணவரிடம் நாலு தரம் கேட்டிருந்தாள். நாலு தரமும் அவர் 'பார்ப்பம்' என்றார். கந்தோரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ வீட்டிலும் அதே பொருள்தான்.

மணி நின்ற செய்தி ஸவாஹிரின் காதுக்கு எட்டியது. காலி வீதியில் அவருக்கு மின்சாரச் சாமான் கடை இருந்தது. வந்து பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார்.

"ஐயா, உள்ளுக்கு எங்கயோ ஈயப்பத்து ஒண்டு விட்டு ஈக்கி. கடைக்கி அனுப்புங்க. அஞ்சு நிமிசத்து வேல."

பர்மாக் காட்டில் நின்ற பட்டாளத்துக்காரன் காலி வீதிக்கு அனுப்பியா பெட்டியைத் திருத்தினான் என்று கதிர்காமநாதன் கேட்டார். ஸவாஹிர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். கதிர்காமநாதன் அன்றைக்கே கோட்டையில் ஒரு புத்தகக் கடையில் மின்சாரத்தைப் பற்றிய தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்று வாங்கினார். இந்தப் பெட்டியைத் தன் கையாலேயே திருத்துவது, வேறெவர் கையும் அதில் படக் கூடாது. இது அந்த வருடத்தில் அவருடைய இரண்டாவது தீர்மானம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பித்தானைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். இரண்டாவது ஞாயிறு மணியைக் கழற்றினார். மூன்றாவது ஞாயிறு வயரை முழுக்க மாற்றினார். ஏணியில் ஏறி நின்று அவர் ஆணி அடிக்க, கீழே நின்று பத்மாவதி ஏணியைப் பிடித்தாள். ஏணி பிடிக்கிறவளுக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்கும். மூன்று கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் அவர் 'புத்தகத்தில் இருக்கு' என்றார்.

நாலாவது ஞாயிறுதான் பெட்டியையே திறந்தார். மோட்டர்க் கார் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைக் கட்டி, பெட்டி தரும் கரண்டைச் சோதித்தார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. மணியைக் கொடுத்தார், அடித்தது. வெற்றி என்று சொல்லிப் பெட்டிக்கு மூடி போட்டு, எட்டு ஸ்குறூவையும் முறுக்கி, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு எழும்பி வந்து பித்தானை அழுத்தினார். சத்தமில்லை.

எட்டு ஸ்குறூவையும் மறுபடி கழற்றினார். கழற்றி ஆசுவாசமாக வெற்றிலை போட்டுவிட்டுப் பல்பை வைத்தால், பல்ப் எரிகிறது. மூடினார். பத்திரிகை வாசித்துவிட்டு வந்து அழுத்தினால், செத்தது. அன்று பின்னேரத்துக்குள் அந்த எட்டு ஸ்குறூவும் ஐந்து தரம் கழன்று ஐந்து தரம் ஏறின.

"திறந்து வைச்சால் வேலை செய்யுது. மூடினால் செய்யுதில்லை," என்று அவர் பத்மாவதியிடம் சொன்னார். "அப்ப மூடாமலே விடுவம்."

"உள்ளுக்கு இருநூற்று முப்பது ஓடுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பூனை பாய்ஞ்சால்?"

"பூனைக்கு அறிவிருக்கு."

"எங்கடை பூனைக்கோ? நேற்று முழுக்க உங்கடை சப்பாத்துக்குள்ளை குட்டி தேடினது. அது கடுவன் பூனை."

மூடி ஏறியது. பெட்டி தொட்டால் சுடுகிறதே, அதில் ஏதும் காரியம் இருக்குமோ என்று அவள் கேட்டாள். இப்படிப்பட்ட பெட்டிகள் சூடாவது இயற்கை என்று அவர் நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். பக்கம் சரிதான். கதிர்காமநாதன் அதற்குமேல் வாசிக்கவில்லை.

பத்மாவதி புத்தகத்தை வாசிக்கவில்லை. அவளிடம் மோர்மிளகாய் இருந்தது. மழைக்காலத்தில் மிளகாய் காயாமல் பூஞ்சணம் பிடிக்கிறதே என்று கவலைப்பட்டவள், பெட்டி எந்நேரமும் சுடுவதைப் பார்த்து, மிளகாய்த் தட்டை அதன் தலையில் வைத்தாள். இரண்டு கிழமையில் ஒன்றைக் கவனித்தாள். ஜன்னல் சாத்தியிருக்கிற நாளில் மிளகாய் நன்றாகக் காய்கிறது, மணி அடிப்பதில்லை. ஜன்னல் திறந்திருக்கிற நாளில் கடற்காற்றுப் பெட்டியில் அடிக்கிறது, மிளகாய் ஈரமாகவே கிடக்கிறது, மணி கணீரென்று அடிக்கிறது. பெட்டி குளிர்ந்திருந்தால் உள்ளே எங்கேயோ ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறது, சூடேறினால் விட்டுவிடுகிறது. ஸவாஹிர் சொன்ன ஈயப்பற்று அதுதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாளே கணவரிடம் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் அப்போது பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்துகொண்டு, மின்சாரம் பெண்களுக்கு ஏற்ற விசயமில்லை என்று ஒரு பெரிய வசனத்தைத் தொடங்கியிருந்தார். வசனம் முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். முடிந்தபோது சொல்ல வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒழுங்கு ஒன்று வந்தது. காலையில் ஜன்னல் திறக்கும். தபால்காரன் வருவான், மீன்காரி வருவாள், மணி அடிக்கும். மூன்றரைக்குப் பத்மாவதி ஜன்னலைச் சாத்துவாள். ஐந்து மணிக்கு வரும் மூன்று கிளாக்கர்மாருக்கும் மணி அடிக்காது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அவர்கள், பம்பலப்பிட்டியில் வேறொரு வீட்டில் கையால் தட்டக்கூடிய கதவு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சீட்டுப் போயிற்று, இனி மேசை தனக்குத்தான் என்று பத்மாவதி நினைத்தாள். அந்த இடத்தில்தான் அவள் கணக்குப் பிழைத்தது. சீட்டு இல்லாத பின்னேரங்களில் கதிர்காமநாதன் பத்மாவதியை ஒரு பக்கம் பிடிக்கவைத்துப் பெட்டியையே தூக்கி மேசையில் வைத்துக்கொண்டார். பல்ப், வயர், ஸ்குறூ, கொறடு, புத்தகம், கழற்றிய சாமான்களைப் போட்டு வைக்க அவளுடைய நாலு தேத்தண்ணிக் கோப்பைகள் என்று மேசையில் கை வைக்க இடமில்லை. றலியாவும் ஸமீமாவும் கிருலப்பனை அம்மாளும் குசினித் தரையிலேயே வாசித்தார்கள்.

ஆவணி மாதம் கந்தோரில் இடமாற்றக் கதை அடிபடத் தொடங்கியது. அனுராதபுரத்துக்கு எட்டுக் கிளாக்கர்மார் போக வேண்டும். பட்டியலை எழுதுகிறவர் பெரிய கிளாக்கர் ஸ்ரனிஸ்லாஸ். ஐந்தாவது பெயர் கதிர்காமநாதன் என்று பியோன் ஒருவன் இரகசியம் சொன்னான். அனுராதபுரம் என்றால் நுளம்புக்கடி, காய்ச்சல், கொயினா மருந்து. இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவரைக் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். அவர் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் ஒழுங்கே உருவான மனிதர். 'கதவைச் சாத்தவும்' என்று எழுதியிருந்தால், கதவைக் கழற்றிக் கொண்டுபோன பிறகும் சாத்தப் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் மனதை எப்படி இளக்குவது என்று இரண்டு நாள் யோசித்த கதிர்காமநாதன், கடைசியில் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு ஒரு தேத்தண்ணிக்கு வரும்படி பணிவாகக் கேட்டார். மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாறன். நாலரைக்கு. எனக்கும் உம்மடை வீட்டை ஒருக்காப் பாக்கோணும் போலை இருக்கு."

கதிர்காமநாதனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. வீட்டுக்கு வந்து கட்லட்டுக்கும் கேசரிக்கும் உத்தரவு போட்டார். வருகிறவரின் பெயரைக் கேட்டதும் பத்மாவதி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, "வரட்டும்," என்றாள்.

சனிக்கிழமை விடியவே பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பல்ப் எரிந்தது. மத்தியானத்துக்குள் கேசரிக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்த பத்மாவதி பன்னிரண்டு தரம் வந்து பித்தானை அழுத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டு தரமும் மணி அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது, கடற்காற்று வீசியது. கதிர்காமநாதன் எட்டு ஸ்குறூவையும் ஏற்றி, அவளோடு சேர்ந்து பெட்டியைத் தட்டில் ஏற்றிவிட்டு, பட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மேசையில் கிடந்த கொறடுக்கும் வயருக்கும் மேலே பூப்போட்ட மேசைவிரிப்பை விரித்தார்கள். அங்கங்கே மேடு தெரிந்தது.

மூன்றரைக்கு மழை பிடித்தது. தூவானம் பெட்டியில் படுமென்று அவர் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினார். கதவு நிலையில் நின்ற பத்மாவதிக்கு மனம் கேட்கவில்லை. அன்றைக்கு வருகிறவர் சீட்டுக்காரர் இல்லை.

"இஞ்சருங்கோ, ஜன்னலைத் திறந்து விடுங்கோ. பெட்டிக்குக் காத்துப் படட்டும்."

"மழை அடிக்குது."

"ஒரு துணியைப் போட்டு மூடலாம். நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. காத்து இல்லாட்டி உது அடிக்காது."

"காத்துக்கும் கரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்? நீ போய்க் கட்லட்டைப் பார்."

அவள் போய்க் கட்லட்டைப் பார்த்தாள்.

நாலரைக்கு ஸ்ரனிஸ்லாஸ் குடையோடு ஒழுங்கைக்குள் வந்தார். காற்று குடையைப் பிடித்துப் பின்பக்கமாக மடித்தது. வாசலில் வந்து பலகையை வாசித்தார். மூன்று பாசையிலும் வாசித்தார். பித்தானை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். உள்ளே, கதவிலிருந்து ஆறு முழத் தூரத்தில், கதிர்காமநாதன் கதிரை நுனியில் உட்கார்ந்து மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டற்க என்று எழுதியிருந்ததால் வெளியே நின்றவர் தட்டவில்லை. மணி அடிக்காததால் உள்ளே இருந்தவர் திறக்கவில்லை. நடுவில் இரண்டங்குலப் பலாப்பலகைக் கதவு. இப்படியே இருபது நிமிடம் போனது.

முழங்கால் வரைக்கும் நனைந்த ஸ்ரனிஸ்லாஸ், ஒதுங்க இடம் தேடி வீட்டைச் சுற்றிப் போனார். குசினிப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கீழே வந்தபோது உள்ளே ஒரு பெண்குரல் இங்கிலீசை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்து வாசிப்பது கேட்டது.

"இட் இஸ் றெயினிங். த மேன் ஹேஸ் நோ அம்பிரெல்லா."

மழையைவிட அந்தக் குரல்தான் அவரை நிற்க வைத்தது. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் கேட்கிற குரல். அவர் குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பாயில் றலியாவுக்கும் ஸமீமாவுக்கும் நடுவில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி யோசெப்பின் இருந்தார்.

ஐந்தே காலுக்கு, பெரிய கிளாக்கர் வரவில்லை, அனுராதபுரம் நிச்சயம் என்று கதிர்காமநாதனுக்குத் தெளிவாயிற்று. மேசையில் கேசரி ஆறிக்கிடந்தது. கோட்டுப் பித்தான்களைக் கழற்றிக்கொண்டு, துக்கத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாமென்று குசினிக்குப் போனார்.

ஸ்ரனிஸ்லாஸ் தேங்காய் துருவும் பலகையில், அலகில் படாமல் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வீட்டுத் துவாய். கையில் கட்லட்.

"வாரும் மிஸ்டர் கதிர்காமநாதன். உம்மடை மணி அடிக்கேல்லை."

"சேர்... ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே, சேர்."

"தட்டற்க எண்டு போட்டிருக்கிறீர்."

ஸ்ரனிஸ்லாஸ் கட்லட்டை முடித்து, விரலைத் துவாயில் துடைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். இடமாற்றப் பட்டியலில் கதிர்காமநாதனின் பெயர் இருந்தது உண்மை. மூன்று கிழமைக்கு முந்தி வீட்டில் அந்தப் பட்டியலை வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது யோசெப்பின் வந்து எட்டிப் பார்த்து, ஐந்தாவது பெயரில் விரலை வைத்து, இவரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை. இங்கிலீசில் எழுதிய பெயரை அவர் எப்படி வாசித்தார் என்று அந்த நேரம் ஸ்ரனிஸ்லாஸுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒன்றும் கேட்டறியாத மனிசி கேட்கிறாளே என்று பெயரை வெட்டிவிட்டார். வெட்டிய பிறகு நித்திரை வரவில்லை. யார் இந்தக் கதிர்காமநாதன் என்று வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டியிருந்தது.

கதிர்காமநாதன் மெல்ல மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ?"

"பேர் எழுதின அண்டைக்கும் தெரியும். வெட்டின அண்டைக்கும் தெரியும்," என்றாள் பத்மாவதி. "நீங்கள் பெட்டியோடை இருந்தீங்கள்."

யோசெப்பின் தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் அவரைப் பார்த்துச் சத்தத்தைத் தாழ்த்தினார். கந்தோரில் ஒருவரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"ஒவ்வொரு நாளும் நான்தானே உமக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறனான். பிறகேன் இந்தக் கஷ்டம்?"

"நீங்கள் உங்களுக்குப் பிடிச்சதைத்தான் வாசிக்கிறனீங்கள்," என்றார் யோசெப்பின். "எனக்கு முழுப் பேப்பரும் வாசிக்கோணும்."

றலியா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துவாய்தான் கிடைத்தது. துடைத்தபின் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே அதைப் போட்டுக்கொண்டு, யோசெப்பினை அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். இந்த முறை 'அம்பிரெல்லா' ஒரே மூச்சில் வந்தது.

வாசித்து முடிந்ததும் பெரிய கிளாக்கருக்குப் பழைய குரல் திரும்பியது. இந்த வீட்டில் மேசை இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு, சேர். முன்னறையிலை."

"அதிலை என்ன செய்யிறீர்?"

"கொஞ்சச் சாமான் கிடக்கு, சேர்."

"சாமானுக்கு மேசை, டீச்சருக்குத் தரையோ?"

திங்கட்கிழமை முதல் வகுப்பு முன்னறையில் நடக்கும் என்று அந்தத் துருவுபலகையில் இருந்தபடியே உத்தரவாயிற்று. யோசெப்பின் இனிக் குடைக்குள் ஒளிந்து பின்படலையால் வரத் தேவையில்லை. ஸ்ரனிஸ்லாஸ் தானே கொண்டுவந்து முன்வாசலில் விடுவார். வெள்ளவத்தை டீச்சரம்மா இருக்கிற வரைக்கும் அவருடைய புருசனும் வெள்ளவத்தையில்தான் இருப்பார். ஆனால் அந்த மணி அடிக்க வேண்டும்.

ஞாயிறு காலை கதிர்காமநாதன் தானாகவே பின்படலையைத் திறந்துகொண்டு ஸவாஹிரிடம் போனார். ஸவாஹிர் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சுடவைத்துக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் தேடவில்லை, பல்பைக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கத்து மூலையில் இருந்த ஒரு கம்பியை நேராகப் பிடித்தார், ஒரு துளி ஈயத்தை வைத்தார், ஊதினார், மூடினார். ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தார்கள். பெட்டி சுட்டது. மணி அடித்தது.

அந்தக் கம்பிதான் என்று எப்படித் தெரியும் என்று கதிர்காமநாதன் கேட்டார்.

"எங்கட றலியா சொன்ன, ஐயா. சூடேறினாத்தான் விடுது, ஜன்னல் பக்கத்து மூலையிலதான் கூடச் சுடுது எண்டு உங்கட ஊட்டு டீச்சர் அவக்குச் சொல்லி ரெண்டு மாசம்." ஸவாஹிர் கோலைத் துடைத்துக்கொண்டார். "ஐயா கேட்டா மட்டும் செய்யச் சொல்லி டீச்சர் ஓடர் போட்ட. நீங்க கேக்கல்லயே."

திங்கட்கிழமை கதிர்காமநாதன் கந்தோரால் வந்தபோது மேசை துப்புரவாக இருந்தது. கொறடும் பல்பும் புத்தகமும் ஒரு சாக்கில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே போயிருந்தன. மேசையில் மூன்று கொப்பி, ஒரு மைக்கூடு. பத்மாவதி தலையில் கண்ணாடியோடு நின்று கரும்பலகை ஒன்றைச் சுவரில் நேராக்கிக்கொண்டிருந்தாள். அவர் கோட்டோடு முன்னறை நடுவில் நின்றார். உட்காரத் தோதான கதிரை ஒன்றும் மிச்சமில்லை.

"ரெண்டு மாசமாத் தெரிஞ்சும் எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். அது அப்படி வரவில்லை.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுவரில் மணி கணீரென்று அடித்தது. பன்னிரண்டு வோல்ட்டும் முழுதாக வந்துகொண்டிருந்தது. பத்மாவதி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, முதலாவது கொப்பியைத் திறந்தாள்.

"மணி அடிக்குதெல்லே, கேக்கேல்லையோ? கதவைத் திறவுங்கோ. திறந்துபோட்டு, நாலு தேத்தண்ணி."